டகோமா டிரக்கில் புதிய பின் பம்பரும் ஸ்டெப்னி தாங்கியும் பொருத்தும் முறை

டொயோட்டா டகோமா டிரக்கின் இரண்டாம் தலைமுறை, அதாவது 2005 முதல் 2015 வரையிலான மாடல்கள், ஸ்டெப்னியைச் சரக்குப் பெட்டிக்கு அடியில், பின் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவே தொங்கவிட்டு வைத்திருக்கின்றன. தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது நல்ல இடம்தான். ஆனால் 285/75ஆர்16 அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 33 அங்குல விட்டமுள்ள டயருக்கு மாறியவர்களுக்கு அந்த இடம் நெருக்கடியாகிவிடுகிறது. மேலும், மணலிலோ சேற்றிலோ வண்டி வயிறு தட்டி நிற்கும் வேளையில் டயர் பஞ்சரானால், அடியில் தொங்கும் ஸ்டெப்னியை இறக்கி வெளியே இழுப்பதற்கே மண்ணைத் தோண்ட வேண்டியிருக்கும். கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் உபெஹீபி எரிமலை வாயிலிலிருந்து ரேஸ்டிராக் பிளாயாவுக்குச் செல்லும் ஏறத்தாழ 26 மைல் மண்பாதை, கூர்மையான கற்களால் டயரைக் கிழிப்பதற்குப் பேர்போனது. அப்படிப்பட்ட பாதைகளை நம்பி வண்டியைத் தயார் செய்கிறவர்கள், தொழிற்சாலை பம்பரைக் கழற்றிவிட்டு, கனத்த எஃகுத் தகட்டாலான பம்பரையும் அதன் மீது கதவைப் போலத் திறக்கும் ஸ்டெப்னி தாங்கியையும் பொருத்திக்கொள்கிறார்கள்.

இந்த வேலையை வீட்டு முற்றத்தில், இருவர் சேர்ந்து, ஒரு வார இறுதியில் செய்துவிடலாம். ஆனால் போல்ட் போட்டு முறுக்குவதோடு வேலை முடிந்துவிடாது. சேசிஸின் கடைசி முனையில் ஒரு நெம்புகோலைத் தொங்கவிடுகிறோம் என்ற எண்ணம் ஒவ்வொரு கட்டத்திலும் இருக்க வேண்டும். முற்றத்தில் அசையாமல் நிற்கும் தாங்கி, அலை அலையாகக் குலுக்கும் மண்பாதையில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் அப்படியே நிற்கிறதா என்பதுதான் வேலையின் தரத்தைச் சொல்லும்.

இந்தியாவில் இருந்து வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாகனங்களில் வெளியே வாங்கிப் பொருத்தும் உலோகக் காப்புக் கம்பிகளுக்கும் தடுப்புகளுக்கும் எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே இங்கே விவரிக்கும் வேலை அமெரிக்காவில் ஓடும் வண்டிக்கானது என்றே கொள்ள வேண்டும்.

எடையை முதலில் கணக்கிடுங்கள்

பம்பரை விலைக்கு வாங்குவதற்கு முன்பே காகிதத்தில் முடிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. நான்கு கதவுகளும் குட்டைப் பெட்டியும் கொண்ட டகோமாவின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 3.236 மீட்டர். பழைய பம்பரின் எடையைக் கழித்த பிறகு புதிய பம்பரும் தாங்கியும் கூடுதலாக 70 கிலோ வருகின்றன என்றும், அந்த எடை பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் அமர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். எடை அச்சுக்கு வெளியே தொங்குவதால், பின் அச்சின் மீது ஏறுவது 70 கிலோ அல்ல, 70-ஐ 1.2-ஆல் பெருக்கி 3.236-ஆல் வகுத்தால் கிடைக்கும் 26 கிலோவும் அதோடு சேர்ந்து, மொத்தம் 96 கிலோ ஆகிறது. அதே 26 கிலோ முன் அச்சிலிருந்து குறைந்துவிடுகிறது. சக்கரத்தோடு ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள ஸ்டெப்னி, பெட்டியின் அடியிலிருந்து இன்னும் 60 சென்டிமீட்டர் பின்னுக்குப் போவதால் மேலும் 7 கிலோ பின்னால் நகர்கிறது. ஆக, பின் அச்சுக்கு 103 கிலோ கூடுகிறது. முன் அச்சுக்கு 33 கிலோ குறைகிறது.

முன் சக்கரங்களின் மீது எடை குறைந்தால் ஸ்டியரிங் இலேசாகும், வண்டியின் மூக்கு நிமிரும், முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் பாயும். பின்னால், வண்டியின் எடையைத் தாங்கும் எஃகுப் பட்டைகளின் அடுக்கு, அதாவது ஏற்கெனவே மெலிதான பட்டைக் கட்டு (லீஃப் ஸ்பிரிங்), தாழ்ந்துபோகும். இந்த வண்டியின் பட்டைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: 2005 முதல் 2011 வரையிலான டகோமாக்களில் பின் பட்டை முறியக்கூடும் என்பதற்காக, டொயோட்டா 2014-இல் ஏறக்குறைய 6,90,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. உங்கள் வண்டிக்கு அந்தத் திருத்தம் செய்யப்பட்டிருக்கிறதா என்பதை சேசிஸ் எண்ணைக் கொண்டு டீலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். திருத்தம் செய்யப்பட்டிருந்தாலும், தொழிற்சாலைப் பட்டைகளோடு கனத்த பம்பரைப் பொருத்தி, உட்புறம் பயணச் சாமான்களையும் ஏற்றினால் பின்புறம் தொய்வது நிச்சயம். கூடுதல் எடைக்கென்று வளைக்கப்பட்ட புதிய பட்டைக் கட்டுக்கான செலவையும் பம்பரின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுவதே முறை என்பது என் கருத்து. ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் தகட்டில் வண்டியின் மொத்த எடை வரம்பும் அச்சுகளின் வரம்பும் அச்சிடப்பட்டிருக்கும். வலுவான பட்டை போட்டாலும் அந்த வரம்பு உயராது.

எதைப் பார்த்து வாங்குவது

சந்தையில் இரு வகை பம்பர்கள் கிடைக்கின்றன. ஒன்று, சேசிஸில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் போல்ட் மூலம் பொருந்துவது. மற்றொன்று, வெட்டிப் பற்றவைத்துச் சேர்ப்பது. வெல்டிங் நன்றாகத் தெரிந்தவர் அருகில் இல்லையென்றால் முதல் வகையே போதும். பிற்காலத்தில் கழற்றவும், விபத்தில் நசுங்கினால் மாற்றவும், துருவைச் சுத்தம் செய்யவும் அதுவே வசதி.

அதைவிட முக்கியம், தாங்கியின் கை எதன் மீது சுழல்கிறது என்பது. மலிவான தயாரிப்புகளில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், நடுவே உராய்வைக் குறைக்கும் ஒரு வளையம் (புஷ்), அவ்வளவுதான் இருக்கும். நல்ல தயாரிப்புகளில் டிரெய்லர் சக்கரத்துக்குப் பயன்படும் கனத்த ஸ்பிண்டிலும் (கை சுழல்வதற்கான தண்டு), மேலும் கீழுமாக இரண்டு கூம்பு உருளை பேரிங்குகளும், தூசி புகாமல் தடுக்கும் ஆயில் சீலும் இருக்கும். இந்த வித்தியாசம் ஏன் பெரிது என்பதை ஒரு கணக்கு காட்டும். 40 கிலோ டயர், ஸ்பிண்டிலிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டு பேரிங்குகளுக்கும் இடையே 7 சென்டிமீட்டர் இருக்கிறது என்றால், கை திறந்திருக்கும்போது ஒவ்வொரு பேரிங்கின் மீதும் பக்கவாட்டில் விழும் விசை, பத்து மடங்காகி, 400 கிலோ எடைக்குச் சமமாகிறது. அதுவும் வண்டி அசையாமல் நிற்கும்போது. கை மூடியிருக்கும்போது அதன் மறுமுனை ஒரு தாங்குபடியின் மீது உட்கார்ந்து எடையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளாவிட்டால், குலுங்கும் பாதையில் இந்த விசை இன்னும் பலமடங்காகி ஸ்பிண்டிலின் வேரிலேயே விரிசலை உண்டாக்கும். எனவே படத்தைப் பார்த்து வாங்காமல், மூடிய நிலையில் கையின் முனை எதன் மீது உட்காருகிறது, அந்த இடத்தில் தேய்மானத்தைத் தாங்கும் கெட்டியான பிளாஸ்டிக் அல்லது ரப்பர் திண்டு உண்டா, அதன் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியுமா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கீல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதிலும் யோசனை தேவை. அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன. ஓரமாக நிறுத்தினால் வலப்பக்கம்தான் பாதுகாப்பானது. கீல் இடப்பக்கம் இருந்தால், திறந்த கை போக்குவரத்துப் பக்கமாக ஒதுங்கி நிற்கும். நீங்கள் ஓரத்திலிருந்து வந்து சாமானை எடுக்கலாம். இதையே நான் பரிந்துரைக்கிறேன். கை முழுவதும் திறந்ததும் அதை அந்த நிலையிலேயே பூட்டி வைக்கும் தடுப்பு ஊசி (பின்) கட்டாயம் இருக்க வேண்டும். சரிவான இடத்தில் நிறுத்திய வண்டியில், பூட்டில்லாத கை தானாகச் சுழன்று வந்து ஆளின் மீது மோதும்.

சேசிஸை நம்பும் முன் சோதியுங்கள்

இரண்டாம் தலைமுறை டகோமாவின் சேசிஸ் முன்பக்கம் மூடிய பெட்டி வடிவிலும், பின்பக்கம் ஒரு பக்கம் திறந்த வடிவிலும் அமைந்திருக்கிறது. திறந்த பகுதியில் மண்ணும் உப்பும் தங்கும். குளிர்காலத்தில் சாலைக்கு உப்பு தூவும் மாநிலங்களில் ஓடிய வண்டிகளில் சேசிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததாக எழுந்த வழக்கில், டகோமாவின் 2005 முதல் 2010 வரையிலான மாடல்களையும் வேறு இரண்டு டொயோட்டா வண்டிகளையும் சேர்த்து ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளுக்காக, 340 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்ட சமரசத்துக்கு அந்நிறுவனம் 2016-இல் ஒப்புக்கொண்டது. ஓஹாயோவிலோ மிச்சிகனிலோ ஓடிய வண்டியை அரிசோனாவில் வாங்கியிருந்தாலும், அதன் சேசிஸ் ஓஹாயோவின் குளிர்காலங்களைக் கடந்துதான் வந்திருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சோதனை எளியது. பின் அச்சிலிருந்து பம்பர் வரை இருபக்கச் சேசிஸையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போன இடத்தில் ஓசை மழுங்கி, செதில் செதிலாகத் துரு உதிரும். கூர்மையான திருப்புளியை அழுத்தினால் உள்ளே இறங்குகிற இடம் ஒன்று இருந்தாலும் பம்பர் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, சேசிஸை முதலில் சரிசெய்ய வேண்டும். மேற்பரப்பில் மட்டும் துரு இருந்தால் அது வேலைக்குத் தடையில்லை.

பழைய பம்பரைக் கழற்றுதல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். நான்கு சக்கரங்களும் தரையில் இருக்கட்டும். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு பம்பரைச் சீராகப் பொருத்த முயன்றால், சேசிஸ் தன் இயல்பான நிலையில் இருக்காது. எல்லா போல்ட்களுக்கும் முந்தின நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து விடுங்கள். 10 முதல் 22 மில்லிமீட்டர் வரையிலான சாக்கெட்டுகள், நீளமான ராட்செட் கைப்பிடி, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், தரையில் உருளும் ஜாக்கி, இரண்டு உறுதியான ஸ்டாண்டுகள், துளைப்பான், அரம், மல்டிமீட்டர் ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும்.

முதலில் ஸ்டெப்னியை இறக்கி, வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, நம்பர் பிளேட் விளக்குகளின் கனெக்டரையும், டிரெய்லர் பிளக் இருந்தால் அதன் கனெக்டரையும் விடுவியுங்கள். ஒயர்கள் சேசிஸில் கவ்வியிருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளை அவசரப்பட்டு இழுத்தால் உடையும். பின்புறச் சிறகுகளை அழுத்தி வெளியே தள்ளுங்கள். எந்தக் கனெக்டர் எங்கே இருந்தது என்பதைக் கைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது.

பம்பரின் நடுவே ஜாக்கியை ஒரு மரப்பலகையோடு நிறுத்தி, எடையை இலேசாக வாங்கிக்கொண்ட பிறகே போல்ட்களைக் கழற்றத் தொடங்குங்கள். ஒரு பக்கத்து போல்ட்கள் எல்லாவற்றையும் முழுவதுமாக எடுத்துவிட்டு மறுபக்கம் போகக் கூடாது. இரு பக்கமும் தளர்த்தி, ஒவ்வொரு பக்கமும் மேல் போல்ட் ஒன்றைக் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும். டிரெய்லர் கொக்கிச் சட்டம் உள்ள வண்டிகளில் அதுவும் பம்பரோடு சேர்ந்து வரலாம். அதன் எடை எதிர்பார்ப்பதைவிட அதிகம் என்பதால் ஒருவர் ஜாக்கியையும் மற்றவர் பம்பரையும் பிடித்திருப்பது அவசியம். அந்தச் சட்டத்தை நீக்கினால் தொழிற்சாலை கொடுத்த இழுவைத் திறனும் அதோடு போய்விடுகிறது. புதிய பம்பரின் கொக்கிப் பொருத்திக்குத் தயாரிப்பாளர் எழுத்தில் இழுவை வரம்பு கொடுத்திருந்தால் ஒழிய, அதில் டிரெய்லரைக் கட்டாதீர்கள்.

பழையது கீழே வந்ததும், இதுவரை மறைந்திருந்த சேசிஸ் முனைகள் கண்ணில் படும். துருவைச் சுரண்டி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, துத்தநாகம் கலந்த பிரைமரையும் அதன் மேல் கறுப்பு வண்ணத்தையும் பூசுங்கள். பம்பர் மேலேறிய பிறகு இந்த இடத்துக்குத் தூரிகை எட்டாது.

புதிய பம்பரை ஏற்றுதல்

தாங்கியின் கையைத் தனியே கழற்றி வைத்துவிட்டு, பம்பரை மட்டும் முதலில் ஏற்றுங்கள். எடை குறைவதோடு, ஒரு பக்கம் சாயாமலும் இருக்கும். ஜாக்கியில் பம்பரை உயர்த்தி, எல்லா போல்ட்களையும் விரலால் மட்டும் திருகி விடுங்கள். எல்லாத் துளைகளிலும் போல்ட் உட்காரும்வரை எதையும் முறுக்கக் கூடாது. ஒரு துளை பொருந்தவில்லை என்றால், மற்ற போல்ட்களைத் தளர்த்தி பம்பரை நகர்த்திப் பார்க்க வேண்டும். அப்படியும் சரிவராவிட்டால் மட்டுமே பம்பர் தகட்டின் துளையை அரத்தால் சற்று நீட்டலாம். சேசிஸின் துளையைப் பெரிதாக்காதீர்கள். பொருத்தும் தாளில் புதிய துளை போடச் சொல்லியிருந்தால், சேசிஸின் செங்குத்தான பக்கச் சுவரில் மட்டுமே போடுங்கள். மேல் கீழ் விளிம்புகள்தான் வளைவைத் தாங்குகின்றன என்பதால் அவற்றைத் துளைத்தால் சேசிஸ் பலவீனமாகும். துளை போட்டதும் பிசிறை நீக்கி, வெற்று எஃகில் வண்ணம் பூசி, உட்புறம் கனமான தகட்டு வாஷரை வைத்து போல்ட்டைச் செருகுங்கள்.

அடுத்தது இடைவெளி. சரக்குப் பெட்டி சேசிஸின் மீது தனியாக அமர்ந்திருக்கிறது. பம்பரோ சேசிஸில் நேரடியாகப் பிணைக்கப்படுகிறது. ஒரு சக்கரம் பாறையின் மீதும் இன்னொன்று பள்ளத்திலும் இருக்கும்போது, திறந்த வடிவிலான பின் சேசிஸ் முறுக்கிக்கொள்ள, பெட்டியும் பம்பரும் ஒன்றையொன்று நோக்கி நகரும். முற்றத்தில் அழகாகத் தெரிய வேண்டும் என்று இடைவெளியை 5 மில்லிமீட்டராகச் சுருக்கியவர்களின் வண்டிகளில், பெட்டியின் கீழ் மூலைகள் நசுங்கி வண்ணம் உரிந்திருப்பதைக் காணலாம். பெட்டிக்கும் பம்பருக்கும் இடையே எல்லா இடத்திலும் குறைந்தது 12 மில்லிமீட்டர் விடுங்கள். அந்தக் கனமுள்ள மரப்பலகைத் துண்டுகளை இருபுறமும் செருகி வைத்துக்கொண்டு முறுக்கினால் இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவாக அமையும். வலப்பக்கத்தில் சைலன்சர் குழாயின் வாய் பம்பருக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதையும் அப்போதே பாருங்கள். எஞ்சின் அதிரும்போது குழாய் ஆடும். ஒரு விரல் கூட நுழையாத இடைவெளி போதாது.

தரையிலிருந்து பம்பரின் இரு முனைகளின் உயரத்தையும் அளந்து, பின்விளக்குகளின் கீழ் விளிம்போடு ஒப்பிட்டு, நேராக இருக்கிறது என்று உறுதியான பிறகு முறுக்கத் தொடங்குங்கள். இடம் வலம் என்று மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றுகளாக முறுக்கி, கடைசிச் சுற்றில் மட்டும் டார்க் ரெஞ்சைப் பயன்படுத்துங்கள். அளவைப் பொறுத்தவரை பம்பருடன் வரும் தாளே இறுதியானது. பொதுவான அட்டவணைகளில் 12 மில்லிமீட்டர் தண்டு விட்டமுள்ள போல்ட்டுக்கு, தலையில் பொறித்திருக்கும் வலிமை எண் 8.8 தரம் என்றால் சுமார் 80 நியூட்டன் மீட்டரும், 10.9 தரம் என்றால் 115 நியூட்டன் மீட்டரை ஒட்டியும் இருக்கும். இந்த அளவுகள் உலர்ந்த மரைக்கு உரியவை. மரையில் கிரீஸோ துருத்தடுப்புப் பசையோ பூசினால் உராய்வு குறைந்து, அதே ரெஞ்ச் அளவில் போல்ட் கூடுதலாக இழுபட்டுவிடும். முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மீதும், அது அமர்ந்திருக்கும் தகட்டின் மீதும் சேர்ந்தாற்போல் வெள்ளை வண்ணப் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பின்னாளில் நட் இளகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்பிண்டிலும் பேரிங்கும்

இந்த ஒரு பகுதிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். ஸ்பிண்டிலையும் கையின் குழாய் உட்புறத்தையும் துணியால் துடைத்து, பவுடர் கோட்டிங் துகள் ஏதும் ஒட்டியிருந்தால் நீக்குங்கள். பேரிங்கின் வெளி வளையங்கள் தங்கள் இருக்கையில் முழுவதுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அடியில் மெல்லிய கோட்டிங் படலம் இருந்தால் அது சில நூறு கிலோமீட்டரில் நசுங்கி, அந்த அளவுக்கு ஆட்டம் உண்டாகிவிடும்.

பேரிங்கில் கிரீஸ் வைப்பது என்றால் மேலே தடவுவது அல்ல. உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவு சக்கர பேரிங் கிரீஸை எடுத்துக்கொண்டு, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தால், மறுபக்கத்தில் உருளைகளுக்கு நடுவிலிருந்து கிரீஸ் புழுப் புழுவாக வெளிவரும். சுற்றிலும் அப்படி வந்த பிறகே பேரிங் நிறைந்ததாகக் கொள்ள வேண்டும். கீழ் பேரிங், அதன் சீல், பிறகு கை, மேல் பேரிங், வாஷர், விளிம்பில் பிளவுகள் உள்ள கேஸில் நட் என்று வரிசையாகச் சேருங்கள். கையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே நட்டை முறுக்குங்கள். இறுக்கம் கையில் தெளிவாகத் தெரியும்வரை போய், பிறகு நட் சுழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் (பிளவு ஊசி) நுழையும் அடுத்த பிளவு வரை பின்னால் தளர்த்துங்கள். சாலையில் வேகமாகச் சுழலும் சக்கரத்தின் பேரிங்கில் இறுக்கம் மிகுந்தால் சூடேறிக் கெட்டுவிடும். இதுவோ கால் சுற்று மெதுவாகத் திரும்பும் பேரிங். அதனால் மிகச் சிறிதளவு இறுக்கம் மிஞ்சியிருப்பது கெடுதல் அல்ல, ஆட்டம் மிஞ்சியிருப்பதுதான் கெடுதல். எப்போதும் ஒரே நிலையில் நின்று அதிரும் உருளைகள், ஆட்டம் இருந்தால் வளையத்தின் அதே இடத்தைத் தட்டித் தட்டிப் பள்ளமாக்கிவிடும்.

கையின் முனையை மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். டக்கென்ற சத்தமோ அசைவோ துளியும் இருக்கக் கூடாது. ஸ்பிளிட் பின்னை வளைத்து, தூசி மூடியை அடித்து மூடுங்கள்.

டயரை ஏற்றி, கவ்வியைச் சரிசெய்தல்

டயர் இல்லாமல் கையை மூடி, மூடிய கையை பம்பரோடு பிடித்து வைக்கும் கவ்வியைச் சரியாக அமைத்துவிட்டோம் என்று திருப்தி அடைவது பலர் செய்வது. டயரை மாட்டியதும் கையின் முனை சற்றே தாழும். அப்போது தாங்குபடியின் உயரமும் கவ்வியின் இழுப்பும் மாறிவிடும். ஆகவே முதலில் டயரை மாட்ட வேண்டும்.

நான்கு சக்கர இயக்கமுள்ள டகோமாவின் சக்கரத்தில் ஆறு துளைகள், 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்திருக்கின்றன. தாங்கியின் தட்டில் உள்ள ஸ்டட்களும் அதே அமைப்பில் இருக்க வேண்டும். ஸ்டட்டின் மரை வண்டியின் சக்கர மரையோடு ஒத்திருந்தால் நல்லது. வழியில் ஒரு நட் தொலைந்தால் ஒன்றுக்கொன்று உதவும், ஒரே சாவியும் போதும். அலாய் சக்கரத்துக்கும் எஃகுச் சக்கரத்துக்கும் நட்டின் அமர்விடம் வேறுபடலாம் என்பதால், உங்கள் ஸ்டெப்னிக்குரிய நட்டையே போடுங்கள். தட்டின் ஆழத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால், டயரின் உட்பக்கம் தாங்கியின் ரப்பர் திண்டை அழுத்திக்கொண்டு உட்காரும் அளவுக்கு உள்ளே கொண்டுபோங்கள். டயரின் அந்த அழுத்தமே அதிர்வைப் பெருமளவு உறிஞ்சிவிடும். இன்னொரு காரணமும் உண்டு: ஒவ்வொரு சென்டிமீட்டர் பின்னால் போகும்போதும் முன்னே போட்ட எடைக் கணக்கு மோசமாகிறது.

இனி கையை மெல்ல மூடுங்கள். முனை தாங்குபடியைத் தொடும் கணத்தில், அது சரிவின் மீது ஏறி சில மில்லிமீட்டர் உயர வேண்டும். அப்படி ஏறினால்தான் எடை படியின் மீது இறங்குகிறது என்று பொருள். படிக்கும் கைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். காகிதம் வழுக்கி வெளியே வந்தால் படியை உயர்த்த வேண்டும், கிழிந்தால் சரி. கவ்வியை மூடும்போது உள்ளங்கையால் உறுதியாக அழுத்தினால் நடுப்புள்ளியைத் தாண்டிச் சட்டென்று விழ வேண்டும். ஒரு விரலால் மூட முடிந்தால் தளர்வு. உதைத்து மூட வேண்டியிருந்தால் கவ்வியின் கொக்கி விரைவில் முறியும். கவ்வியின் கொக்கி நீளத்தை அதன் நட்களால் அரைச் சுற்று அரைச் சுற்றாகச் சரிசெய்யுங்கள். கவ்வி மூடிய பிறகு அது தானாகத் திறக்காமல் தடுக்கும் இரண்டாவது பின்னைச் செருகாமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

கையை முழுவதும் திறந்து, சரக்குப் பெட்டியின் பின்கதவான டெயில்கேட்டைத் தாழ்த்திப் பாருங்கள். கைப்பிடியோ, டயரின் பக்கமோ, கவ்வியோ அதன் பாதையில் குறுக்கிடக் கூடாது.

விளக்குகளும் நம்பர் பிளேட்டும்

பழைய பம்பரோடு நம்பர் பிளேட் விளக்குகளும் போய்விட்டதால், புதிதாக இரண்டு சிறு எல்ஈடி விளக்குகளைப் பொருத்த வேண்டும். தகட்டில் துளை போட்டு ஒயரை நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், அதிர்வில் எஃகு விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிடும். பழைய கனெக்டரின் ஒயர்களை வெட்டாமல், அதற்குப் பொருந்தும் கனெக்டரைப் புதிய விளக்கின் முனையில் சேர்ப்பது நல்லது. வெட்டியே ஆக வேண்டும் என்றால் இணைப்பைச் சூடாக்கிச் சுருக்கும் பசைக் குழாயால் மூடுங்கள். எர்த் இணைப்புக்கு பம்பரின் கோட்டிங்கை நம்பாமல், சேசிஸில் சுரண்டிய வெற்று எஃகில் ஒரு போல்ட்டைப் பயன்படுத்தி, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள்.

டயர் நம்பர் பிளேட்டை மறைத்தால், பிளேட்டையும் விளக்கையும் தாங்கியின் கைக்கோ பம்பரின் பக்கத்துக்கோ மாற்ற வேண்டும். கலிஃபோர்னியச் சட்டப்படி பின் பிளேட் தரையிலிருந்து 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 60 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். இரவில் 50 அடி தூரத்திலிருந்து எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி விளக்கு எரிய வேண்டும். மற்ற மாநிலங்களின் விதிகள் வேறுபடும். விளக்கு கையின் மீது அமைந்தால், ஒயர் கீலருகே வளையும் இடத்தில் ஒரு தளர்ந்த வளையம் விட்டு, கையை முழுவதும் திறந்தும் மூடியும் அது இழுபடவில்லை, நசுங்கவில்லை என்று பாருங்கள்.

டகோமாவின் மூன்றாவது பிரேக் விளக்கு கேபினின் பின்கண்ணாடிக்கு மேலே இருக்கிறது. பெரிய டயர் அதை மறைக்கிறதா என்பதை, ஒரு தாழ்வான காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, உங்கள் வண்டிக்குப் பின்னால் சிக்னலில் நிற்பது போன்ற தூரத்திலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பின்விளக்குகள் இரண்டையும் நேர் பின்னாலிருந்து மட்டுமன்றி, இரு பக்கமும் 45 பாகை சாய்வில் நின்றும் பாருங்கள். டெயில்கேட்டில் ரிவர்ஸ் கேமரா உள்ள மாடல்களில் டயர் பெரும்பாலும் காட்சியை அடைத்துவிடும். கேமராவைச் சக்கரத்தின் நடுத் துளைக்கு மாற்றும் சட்டங்கள் கிடைக்கின்றன. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. டயர் வந்த பிறகு உள்கண்ணாடியில் தெரியும் காட்சியும் குறைந்துவிடுகிறது.

ஓட்டிப் பார்த்தல்

முதல் சோதனை முற்றத்திலேயே நடக்கட்டும். பின் சக்கரம் ஒன்றைச் சாய்தளத்தின் மீது ஏற்றி, சேசிஸ் முறுக்கிய நிலையில் பெட்டிக்கும் பம்பருக்கும் உள்ள இடைவெளியை நான்கு இடங்களில் அளவுங்கள். பிறகு மறு சக்கரத்தை ஏற்றி அளவுங்கள். அதே நிலையில் கவ்வியைத் திறந்து மூடிப் பாருங்கள். சமதளத்தில் எளிதாக மூடும் கவ்வி, சாய்ந்த வண்டியில் எதிர்க்கலாம். அப்போது படியின் சரிவை இன்னும் சற்று நீட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து, அருகிலுள்ள அலைமேடு பாய்ந்த மண்பாதையில் சில மைல் ஓட்டுங்கள். ஜன்னல்களை இறக்கி வைத்து, பின்னாலிருந்து வரும் சத்தத்தைக் கேளுங்கள். டக் டக் என்று உலோகத்தில் உலோகம் மோதும் சத்தம் வந்தால் உடனே நிறுத்தி, கவ்வி, தாங்குபடி, ஸ்பிண்டில் என்ற வரிசையில் தேடுங்கள். சத்தம் ஏதும் இல்லாவிட்டாலும், இறங்கி எல்லா வெள்ளைக் கோடுகளையும் பாருங்கள். புதிய கோட்டிங்கும் வண்ணமும் போல்ட்டின் அடியில் நசுங்குவதால், முதல் 100 கிலோமீட்டரில் சில நட்கள் இளகுவது இயல்பு. அந்தத் தூரத்திலும், மீண்டும் 500 கிலோமீட்டரிலும் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். முகப்பு விளக்கின் சாய்வையும் இந்தக் கட்டத்தில் சுவரில் ஒளியைப் பாய்ச்சிச் சரிசெய்துவிடலாம்.

அதன் பிறகு, ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கும் முன்னால் ஸ்பிண்டிலின் வேரில் உள்ள வெல்டிங்கைத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் தலைமுடி போன்ற விரிசல் கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வண்ணத்தின் மீது மெல்லிய செம்பழுப்புக் கசிவு தெரிந்தாலும் அதை விரிசலாகவே கருதி, டயரைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வெல்டரிடம் காட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையும், ஆற்றைக் கடந்து வந்த ஒவ்வொரு முறையும், தூசி மூடியைத் திறந்து பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். பம்பரின் அடிப்பகுதியில் உள்ள வடிதுளைகளில் சேறு அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தி நீக்கி, உட்புறம் மெழுகுத் துருத்தடுப்பைத் தெளித்துவிடுங்கள். ஸ்டெப்னியின் காற்றழுத்தத்தையும் மற்ற நான்கு டயர்களோடு சேர்த்தே பாருங்கள். வெயிலில் நேராக நிற்கும் டயர் என்பதால் அதன் பக்கச் சுவரில் வெடிப்பு தோன்றுகிறதா என்றும் கவனித்து, டயர்களை இடம் மாற்றும்போது இதையும் சுழற்சியில் சேர்த்துக்கொண்டால், ஐந்து டயர்களும் ஒரே அளவில் தேய்ந்து வரும்.